பாதியை விட்டுக்கொடுக்காத பாடலாசிரியர்

காதல் பாடலாக உலகம் கொண்டாடும் ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ ஒரு தொழில்முறைப் பிரிவில் பிறந்தது. தன்னை வளர்த்துவிட்ட பாடகர் போர்ட்டர் வேகனரிடம் விடைபெறுவதற்காக டாலி பார்ட்டன் எழுதிய அப்பாடல், 1974-இல் அமெரிக்கக் ‘கன்ட்ரி’ இசைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. எல்விஸ் பிரெஸ்லி அதைப் பாட விரும்பினார். அவருடைய மேலாளரோ வெளியீட்டு உரிமையில் பாதியைக் கேட்டார். பார்ட்டன் மறுத்துவிட்டார். 1975-இல் லிண்டா ரான்ஸ்டட் பாடினார். 1992-இல் ‘தி பாடிகார்ட்’ திரைப்படத்துக்காக விட்னி ஹூஸ்டன் பாடியபோது, பில்போர்ட் பட்டியலில் 14 வாரங்கள் முதலிடத்தில் நிலைத்தது. அன்று இணங்கியிருந்தால், இந்த வெற்றியின் உரிமைத்தொகையிலும் பெரும்பங்கு பார்ட்டனின் கைநழுவியிருக்கும். குரல்களை நினைவில் வைக்கும் நாம், எழுதியவரை எளிதில் மறந்துவிடுகிறோம். அந்த மறுப்பையே இப்பாடலின் வரலாற்றில் தலையாய நிகழ்வாக நான் கருதுகிறேன்.