உள்ளே குடியிருக்கும் மொழி

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடுகிறவர்களில் பலர் அதன் திரையைத் தங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்கிறார்கள். பொத்தான்களை இடம் மாற்றுவார்கள், புதிய பட்டியல்களைச் சேர்ப்பார்கள். இதற்கான ஆட்-ஆன்கள் எனும் சிறு துணை நிரல்களை எழுதுவதும் ரசிகர்களே. விளையாட்டின் மூல நிரல் அவர்களுக்குக் கிடைக்காது, தேவையும் இல்லை. அந்தப் பெரிய மென்பொருளுக்குள் லுவா என்ற சிறு மொழி குடியிருக்கிறது. அவர்கள் எழுதுவது அதில்தான்.

லுவா பிறந்தது 1993-இல், ரியோ டி ஜெனிரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில். ரொபெர்த்தோ யெருசாலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே ஃபிகெய்ரேடோ, வால்டெமார் செலெஸ் ஆகிய மூவர் அதைப் பெட்ரோபிராஸ் எண்ணெய் நிறுவனத்தின் வேலைகளுக்காக உருவாக்கினார்கள். வெளிநாட்டுக் கணினிகளுக்கும் மென்பொருளுக்கும் பிரேசில் பல ஆண்டுகள் தடை போட்டிருந்ததால், வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ளும் பழக்கம் அங்கே ஊறியிருந்தது. பயன்படுத்தப்போகிறவர்கள் பொறியாளர்களும் நிலவியலாளர்களும். ஆகவே மொழி எளிமையாக இருக்க வேண்டும், எந்தக் கணினியிலும் ஓட வேண்டும். இன்றைக்கும் நூலகங்களோடு சேர்த்து அது சுமார் 300 கிலோபைட்தான்; கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பெரிது.

லுவாவைத் தாங்கும் மென்பொருளின் சி மொழியும் லுவாவும் பேசிக்கொள்ளும் விதம்தான் இதில் அழகு. சியில் ஒரு மாறி எண் என்றால் கடைசிவரை எண்தான். லுவாவில் அதே மாறி அடுத்த வரியில் சொல்லாகலாம், பட்டியலாகலாம். போதாததற்கு, யாரும் பயன்படுத்தாத மதிப்புகளை லுவா தானாகவே நினைவகத்திலிருந்து துடைத்துவிடும். சி கையில் வைத்திருப்பதையும் அறியாமல் துடைத்துவிட்டால் வம்பு. அதனால் இரண்டுக்கும் நடுவே ஓர் அடுக்கு வைத்தார்கள். சி, கொடுக்க வேண்டியதை அதன்மேல் வைக்கும். லுவா எடுத்து வேலையை முடித்து விடையை அங்கேயே வைக்கும். அடுக்கில் இருப்பதெல்லாம் பயன்பாட்டில் உள்ளவை என்று லுவாவுக்குத் தெரியும், துடைக்காது.

லூகாஸ் ஆர்ட்ஸின் கிரிம் ஃபாண்டாங்கோ 1998-இல் லுவாவை விளையாட்டு உலகத்துக்குக் கொண்டுபோனது. பிறகு அடோபி லைட்ரூம், வயர்ஷார்க், நியோவிம் என்று பட்டியல் நீண்டது.

லுவாவுக்குள் என்னென்ன இருக்கலாம் என்பதை முடிவுசெய்வது அதை வைத்திருக்கும் மென்பொருள். கோப்பைத் திறக்கும் செயல்பாட்டைத் தராவிட்டால் ஆட்-ஆனால் கோப்பைத் தொடவே முடியாது. இந்தக் கஞ்சத்தனம் நல்லது. வேர்டு மென்பொருளுக்குள் இருக்கும் மேக்ரோ மொழிக்குத் தாராளமாகத் திறந்துவிட்டதன் விலை 1999-இல் தெரிந்தது: மெலிசா வைரஸ் வேர்டு ஆவணத்திலிருந்து அவுட்லுக் மின்னஞ்சல் மென்பொருளைப் பிடித்து, முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்குத் தன்னையே அனுப்பிக்கொண்டது.

கதவை அடைத்தாலும் ஒரு தொல்லை மிச்சமிருக்கிறது: நேரம். ரெடிஸ் தரவுத்தளத்தில் ஒரு லுவா நிரல் ஓடும்போது மற்றக் கட்டளைகள் காத்திருக்கும். ஐந்து விநாடியைத் தாண்டினால், வேலையாக இருப்பதாக ரெடிஸ் மற்றவர்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கும். ஆனால் தானாக நிரலை நிறுத்தாது. நிரல் தரவுத்தளத்தில் எதையும் எழுதாதவரை நிர்வாகி அதை நிறுத்தலாம். ஒரு வரி எழுதிவிட்டிருந்தால், சேமிக்காமல் சர்வரையே அணைப்பதுதான் வழி.