குறையும் சேர்க்கையும் கூடும் செலவும்: தனியார் கல்லூரிகளும் தோட்டப்புறக் குடும்பங்களும்
பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

வாங்குவோர் குறைந்தால் விலையும் இறங்கும் என்பது சந்தை வழக்கு. கல்லூரிக் கல்வி இவ்வழக்கிற்கு எளிதில் உட்படுவதில்லை. மாணவர் தொகை குறையக் குறையத் தலைக்கு ஆகும் செலவு ஏறுகிறது. ஏறிய செலவு மேலும் சில மாணவரை விலக்கிவிடுகிறது. மலேசியத் தனியார் உயர்கல்விக்கூடங்கள் பலவும் கடந்த பதினைந்து ஆண்டுகளில் இச்சுழலைச் சந்தித்துள்ளன. இச்சுழலின் சுமை இறுதியில் யாரைச் சென்றடைகிறது என்பதைச் சிலாங்கூரின் வடபகுதித் தோட்டப்புறங்களை, குறிப்பாகப் பத்தாங் பெர்ஜுந்தாய் வட்டாரத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வட்டாரப் பின்னணி

கோல சிலாங்கூர் மாவட்டத்தைச் சேர்ந்த பத்தாங் பெர்ஜுந்தாய், 2007ஆம் ஆண்டு பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. எனினும் தோட்டத்து மக்களின் நாவில் பழைய பெயரே இன்றும் வழங்குகிறது. ஈயமும் இரப்பரும் செம்பனையும் இவ்வூரை வளர்த்தவை. பெயரிலேயே தென்னைமரத்தைத் தாங்கி நிற்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் பிரெஞ்சு நாட்டவரான ஹென்றி ஃபோக்கோனியே 1917ஆம் ஆண்டு இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீட்டைத் தொடங்கினார். அச்செம்பனையையும் அதனைச் சூழ்ந்திருந்த பால்மரக் காடுகளையும் பேணி வளர்த்தவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர்களே.

1985ஆம் ஆண்டு உலக ஈயச் சந்தை சரிந்ததும், தோட்டங்கள் கைமாறியதும், அயல்நாட்டுத் தொழிலாளர் வருகை பெருகியதும் இவ்வட்டாரத் தமிழரின் வாழ்வை மாற்றின. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மிஞ்ஞாக் ஆகிய தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டிற்காகப் பல ஆண்டுகள் போராட நேர்ந்தமை நாடறிந்த செய்தி. தலைமுறை தலைமுறையாக உழைத்தும் நிலமோ வீடோ சொந்தமாக இல்லாத குடும்பம், பிள்ளையின் படிப்பிற்கு ஈடு வைக்க எதனையும் பெற்றிருப்பதில்லை. எனவே கல்விக்கடன் ஒன்றே அக்குடும்பத்திற்குக் கல்லூரி வாயிலைத் திறந்தது. பின்வரும் செய்திகளை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும்.

தனியார் கல்லூரிகளின் எழுச்சி

தனியார் உயர்கல்விக்கூடங்கள் சட்டம் 1996ஆம் ஆண்டு நிறைவேறியது. அடுத்த ஆண்டே பி.டி.பி.டி.என். எனப்படும் தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தை அமைக்கும் சட்டம் வந்தது. அதே 1997இல் ஆசிய நிதி நெருக்கடி மூண்டு ரிங்கிட்டின் மதிப்பு வீழ்ந்தமையால், வெளிநாடு செல்லவிருந்த மாணவர் பலர் உள்நாட்டிலேயே தங்கினர். இம்மூன்றும் ஒருசேரத் தனியார் கல்லூரிகளைப் பெருக்கின. 2000ஆம் ஆண்டளவில் நாட்டில் அறுநூற்றுக்கும் மேற்பட்ட தனியார் உயர்கல்விக்கூடங்கள் இயங்கின. இன்றைய எண்ணிக்கை அதனினும் வெகு குறைவாகும்.

பத்தாங் பெர்ஜுந்தாயும் இவ்வலையில் பங்கு பெற்றது. 1999ஆம் ஆண்டு சிலாங்கூர் தொழில்துறைப் பல்கலைக்கழகமாக நிறுவப்பெற்று, பின்னர் சிலாங்கூர் பல்கலைக்கழகம் எனப் பெயர் மாறிய யூனிசெல்லின் முதன்மை வளாகம் இவ்வூரில் அமைந்தது. இது மாநில அரசுக்கு உரியதாயினும் தனியார் உயர்கல்விச் சட்டத்தின்கீழ் இயங்கும் நிறுவனமாகும். ஆதலின் அரசாங்கப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தை இங்கே எதிர்பார்த்தல் இயலாது. பல்கலைக்கழகம் வீட்டருகே இருப்பதனால் விடுதிச் செலவும் பயணச் செலவும் குறையலாம். கல்விக் கட்டணம் குறைவதில்லை. இவ்வேறுபாட்டைப் பெற்றோர் பலர் விண்ணப்பம் செய்யும் வேளையிலேயே உணர்கின்றனர்.

தாதியர் கல்வி கற்பித்த பாடம்

தோட்டப்புற மாணவரைத் தனியார் கல்லூரியோடு மிகுதியாகப் பிணைத்தது தாதியர் டிப்ளோமா எனலாம். 2000களில் எஸ்.பி.எம். தேர்வில் மூன்று பாடங்களில் கிரெடிட் பெற்றிருந்தால் இப்படிப்பில் சேர இயன்றது. அரசாங்க மெட்ரிகுலேஷன் வகுப்புகளில் பூமிபுத்திரர் அல்லாதார்க்குப் பத்து விழுக்காட்டு இடம் என்னும் முடிவே 2002இல்தான் எடுக்கப்பட்டது. அங்கே இடம் கிட்டாத மாணவர்க்கும், அறிவியலில் உயர்ந்த புள்ளி பெறாத மாணவர்க்கும் தாதியர் படிப்பு திறந்த கதவாகத் தோன்றியது. மருத்துவமனை வேலை, வெள்ளைச் சீருடை, மாதச் சம்பளம் என்பன வெயிலிலும் மழையிலும் உழைத்த பெற்றோரின் கனவுக்கு இசைந்தன. கட்டணமோ ஐம்பது, அறுபதாயிரம் வெள்ளி அளவினதாக இருந்தது. அத்தொகையைக் கையிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை, பி.டி.பி.டி.என். பார்த்துக்கொள்ளும் என்னும் சொல் பெற்றோரின் அச்சத்தைப் போக்கியது.

ஆனால் கல்லூரிகள் உருவாக்கிய தாதியர் அனைவர்க்கும் வேலை இல்லை. 2010ஆம் ஆண்டு தனியார் கல்லூரிகளில் தாதியர் டிப்ளோமா முடித்தவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் சில மாதங்களாகியும் வேலையின்றி இருந்தனர் என்பதை உயர்கல்வி அமைச்சின் கணக்கே காட்டியது. அவ்வாண்டு அமைச்சு இரு நடவடிக்கைகளை எடுத்தது. தாதியர் படிப்பிற்கான நுழைவுத் தகுதி மூன்று கிரெடிட்டிலிருந்து ஐந்தாக உயர்த்தப்பட்டது. ஜூலை மாதம் முதல் புதிய தாதியர் பாடத்திட்டங்களுக்குத் தற்காலிகத் தடை விதிக்கப்பட்டது.

இவற்றின் விளைவு விரைவில் வெளிப்பட்டது. தாதியர் கல்வியில் முன்னணியில் நின்ற மாஸ்டர்ஸ்கில் நிறுவனம் 2010 மே மாதத்தில் பங்குச் சந்தையில் நுழைந்தபோது அதன் பங்கு ஒன்றின் விலை 3 வெள்ளி 80 காசு. மாணவர் சேர்க்கை சரியவே, மூன்றாண்டுகளுக்குள் அவ்விலை ஒரு வெள்ளிக்கும் கீழே இறங்கியது. நிறுவனமும் பின்னர் வேறு பெயர் பூண்டது. அதன் மாணவருள் பெரும்பான்மையோர் பி.டி.பி.டி.என். கடனையே நம்பியிருந்தனர். அரசாங்கத்தின் ஒரு நிதியை மட்டுமே ஊன்றுகோலாகக் கொண்ட கல்லூரி, அந்நிதியின் விதி மாறும் நாளில் தள்ளாடுவது இயல்பேயாம்.

சேர்க்கை குறையச் செலவு கூடுவது ஏன்?

இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு பாடத்திட்டத்தை நடத்த விரிவுரையாளர் சம்பளம், கட்டட வாடகை, ஆய்வுக்கூடம், தர அங்கீகாரம் ஆகியவற்றிற்கு ஆண்டுக்கு எட்டு இலட்சம் வெள்ளி ஆவதாகக் கொள்வோம். மாணவர் எத்தனை பேராயினும் இச்செலவு மாறாது. இதனோடு ஒவ்வொரு மாணவர்க்கும் தனித்தனியே இரண்டாயிரம் வெள்ளி ஆவதாகவும் கொள்வோம். நூறு மாணவர் பயின்றால் மொத்தச் செலவு பத்து இலட்சம், தலைக்குப் பத்தாயிரம். மாணவர் ஐம்பதாகக் குறைந்தால் மொத்தச் செலவு ஒன்பது இலட்சம்; தலைக்குப் பதினெட்டாயிரம். மாணவர் தொகை பாதியானபோது மொத்தச் செலவு பத்தில் ஒரு பங்கே குறைந்தது. தலைச்செலவோ எண்பது விழுக்காடு கூடியது.

இந்நிலையில் கல்லூரியின்முன் சில வழிகளே உள்ளன. கட்டணத்தை உயர்த்தலாம், விரிவுரையாளரைக் குறைக்கலாம், பதிவு, தேர்வு, ஆய்வுக்கூடம், சீருடை எனத் துணைக் கட்டணங்களைப் பெருக்கலாம், விளம்பரத்திற்கும் முகவர்க்கும் மேலும் செலவிட்டு மாணவரைத் தேடலாம். கடைசி வழியும் செலவை ஏற்றுவதே. எதுவும் பயன்படாதபோது கல்லூரி மூடப்படுகிறது. பினாங்கு கெப்பாலா பத்தாஸில் இயங்கிய அலியன்ஸ் மருத்துவப் பல்கலைக்கழகக் கல்லூரி நிதி நெருக்கடியால் 2014இல் செயலிழந்ததும் அதன் மாணவர் வேறு நிறுவனங்களுக்கு மாற்றப்பட்டதும் இதற்குச் சான்றாகும்.

கடன் தொகையும் இதே காலத்தில் சுருங்கியது. 2014 நவம்பர் முதல் தனியார் கல்லூரி மாணவர்க்கான பி.டி.பி.டி.என். உச்சவரம்பு 15 விழுக்காடும், அரசாங்கக் கல்விக்கூட மாணவர்க்கு 5 விழுக்காடும் குறைக்கப்பட்டன. கட்டணம் ஏறுகையில் கடன் இறங்கினால் இடைவெளியைக் குடும்பமே நிரப்ப வேண்டும். அவ்விடைவெளி சில ஆயிரம் வெள்ளியே ஆயினும், தோட்டக் குடும்பத்திற்கு அது நகையை அடகு வைப்பதாகவோ வட்டிக்கு வாங்குவதாகவோ முடிகிறது.

பிற நாட்டு நிலை

இச்சிக்கல் மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. பதினெட்டு வயதினர் தொகை சுருங்கிவரும் ஜப்பானில், 2024ஆம் ஆண்டு ஏறத்தாழ 59 விழுக்காட்டுத் தனியார் பல்கலைக்கழகங்கள் தம் இடங்களை நிரப்ப இயலாது நின்றன. தமிழ்நாட்டில் 2010களின் தொடக்கத்தில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டிருந்த பொறியியல் கல்லூரிகளுள் பல பின்னர் மூடப்பட்டன. எஞ்சியவற்றுள்ளும் பல காலி இடங்களோடு இயங்கின. அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்க்கு அறிவித்த கட்டணத்தில் பாதிக்கு மேல் தள்ளுபடி செய்தே மாணவரைச் சேர்க்கின்றன. அத்தள்ளுபடிக்கு அவை இட்டுள்ள பெயர் உபகாரச் சம்பளம் என்பதாகும். நம் நாட்டு விளம்பரங்களில் காணும் ‘உபகாரச் சம்பளம்’ என்னும் சொல்லையும் பெற்றோர் இக்கண்கொண்டு நோக்குதல் நலம். அது எத்தனை ஆண்டுக்கு உரியது, எந்நிபந்தனையில் நீங்கும் என்பதை வினவியே ஏற்க வேண்டும்.

மலேசிய இந்தியரிடையே பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தை என்னும் அளவினின்றும் தாழ்ந்துவிட்டமையால், வரும் ஆண்டுகளில் இவ்விளைஞர் தொகை மேலும் குறையும் என்பது தெளிவு. இம்மாணவரை நம்பியிருக்கும் கல்லூரிகளின் போட்டியும் அதற்கேற்பக் கடுமையாகும்.

குடும்பத்தின் மீது விழும் சுமை

2013ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த முதல் தேசியக் குறைந்தபட்ச ஊதியம் தீபகற்பத்தில் மாதம் 900 வெள்ளி. அதனைக் கொண்டு அறுபதாயிரம் வெள்ளிக் கடனை அளந்தால், ஒரு காசும் செலவழிக்காத அறுபத்தாறு மாத ஊதியத்தையும் அது விஞ்சுகிறது. 2025இல் உயர்ந்த 1,700 வெள்ளி ஊதியத்தைக் கொண்டு அளப்பினும் முப்பத்தைந்து மாதங்கள் ஆகின்றன. கடனுக்கான நிர்வாகக் கட்டணம் 2008 முதல் ஒரு விழுக்காடாகக் குறைக்கப்பட்டது பேருதவியே. ஆயினும் படிப்பை இடையில் விட்ட மாணவரும், அதுவரை பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்தக் கடமைப்பட்டவரே. சான்றிதழ் கைக்கு வராத நிலையிலும் கடன் கைவிடுவதில்லை.

செலவு குறைந்த வழிகள் இவ்வட்டாரத்திற்கு அப்பால் இல்லை. சபாக் பெர்ணமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் ஷா பாலிடெக்னிக்கில், பிற அரசாங்கப் பாலிடெக்னிக்குகளில் போலவே, ஒரு பருவத்திற்கான கட்டணம் இருநூறு வெள்ளியே. அரசாங்கப் பள்ளிகளில் ஆறாம் படிவம் பயின்று எஸ்.டி.பி.எம். எழுதுவோர்க்குக் கல்விக் கட்டணச் சுமை இல்லை எனலாம். மெட்ரிகுலேஷன் மாணவர்க்கோ உதவித்தொகையும் உண்டு. அரசாங்கத் தாதியர் பயிற்சியும் படியோடு அமைவது. இவ்வழிகளுக்கு விண்ணப்ப நாளும் தகுதியும் உண்டு. அவற்றை வீடு தேடி வந்து சொல்லும் முகவர் இல்லை. தனியார் கல்லூரியின் முகவர் வரும் வேகத்தில் அரசாங்க வாய்ப்பின் செய்தி தோட்டத்தை அடையாமையே பல பிள்ளைகளின் திசையைத் தீர்மானித்துவிடுகிறது.

தனியார் கல்லூரியே பொருந்தும் எனின், கையொப்பம் இடுமுன் ஐந்து செய்திகளை உறுதி செய்தல் வேண்டும். பாடத்திட்டம் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ளதா? தாதியர் படிப்பாயின் தாதியர் வாரியத்தின் ஒப்புதல் உண்டா? முதற்பருவம் முதல் இறுதிப்பருவம் வரை துணைக் கட்டணங்கள் உட்பட மொத்தச் செலவு எவ்வளவு? கடன் போக எஞ்சும் தொகையை யார், எவ்வாறு செலுத்துவர்? முன்னர்ப் பயின்று வெளியேறியோர் எங்கே பணிபுரிகின்றனர்? இவற்றிற்கு எழுத்தில் விடை தரத் தயங்கும் கல்லூரியை விலக்குதலே தக்கது.

முடிவுரை

தனியார் கல்லூரிகள் அரசாங்க இடம் கிட்டாத பல்லாயிரம் தமிழ் மாணவர்க்கு வழி திறந்தன. அவற்றில் பயின்று உயர்ந்தோர் பலர். அதனை மறுத்தல் நேர்மையாகாது. எனினும் சேர்க்கை சரியும் காலத்தில் கல்லூரி தன்னைக் காத்துக்கொள்ள மேற்கொள்ளும் ஒவ்வொரு வழியும், கடனையன்றி வேறு ஆதாரம் இல்லாத குடும்பத்தின் மீதே மிகுதியாகச் சாய்கிறது. பங்கு வீழ்ந்தால் முதலீட்டாளர் அதனை விற்று விலகலாம். கல்லூரி மூடினால் உரிமையாளர் வேறு தொழில் நாடலாம். கடன் பத்திரத்தில் கையொப்பமிட்ட பதினெட்டு வயது மாணவர்க்கு அவ்வாறு விலகும் வழி இல்லை. ஆதலின் ஐந்தாம் படிவம் முடியுமுன்னரே, பள்ளி ஆசிரியரும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஆலய நிர்வாகமும் பட்டதாரி இளைஞரும் கூடி, அரசாங்க வாய்ப்புகளின் விவரத்தையும் தனியார் படிப்பின் முழுச் செலவையும் ஒவ்வொரு தோட்டத்துக் குடும்பத்திற்கும் எடுத்துரைத்தல் வேண்டும். பத்தாங் பெர்ஜுந்தாய் போன்ற வட்டாரங்களில் இப்பணிக்குப் பெரும்பொருள் தேவையில்லை. தேர்வு முடிவு வருமுன் தொடங்குவதே தேவை.