மன்னார்க் கரைச் சொற்கள் – 11: உருகியதால் உருக்கு

இலங்கையில் தமிழில் படித்த எவரிடமும், இரும்போடு சிறிதளவு காபன் சேர்ந்து உறுதிபெற்ற உலோகத்தின் பெயரைக் கேட்டால் ‘உருக்கு’ என்பார். தலைமன்னாரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடலைத் தாண்டித் தனுஷ்கோடிப் பக்கம் போய் அதே கேள்வியைக் கேட்டால் ‘எஃகு’ என்று வரும். இரு நாட்டுக் கலைச்சொற்களையும் ஒன்றாக்க வேண்டும் என்று பேசுபவர்களுக்கு இந்தச் சோடி கண்ணில் படாமல் இருப்பதில்லை. தீர்ப்பும் பெரும்பாலும் ஒரு பக்கமாகவே சாய்கிறது: எஃகு பழந்தமிழ்ச் சொல், திருக்குறளிலேயே இருக்கிறது, உருக்கு என்பதோ உருக்குதல் என்ற வினையிலிருந்து பிறந்த வெறும் பெயர், நெய்யையும் உருக்கலாம், பொன்னையும் உருக்கலாம், ஆகவே உருக்கு விலகி எஃகுக்கு இடம் விடட்டும். இந்தத் தீர்ப்பு தவறு என்பதே இந்த வார என் கட்சி. ஊர்ப்பற்றில் இதைச் சொல்லவில்லை. உலைக்குள் நடப்பதைப் பார்த்தால், இரண்டு சொற்களில் தொழிலை அறிந்த சொல் உருக்குத்தான்.

முதலில் ஒரு பரவலான தவறை ஒதுக்கிவிடவேண்டும். அகழாய்வுச் செய்தி வரும்போதெல்லாம் நமது பத்திரிகைகள் ‘இரும்பு உருக்கிய உலை கண்டுபிடிப்பு’ என்று தலைப்பிடுகின்றன. பழைய உலைகளில் இரும்பு உருகவில்லை. தூய இரும்பு உருக 1,538 பாகை செல்சியஸ் வேண்டும். துருத்தி ஊதும் கரியுலை அந்தச் சூட்டை எட்டுவதில்லை. அங்கே நடந்தது வேறு. மரக்கரியிலிருந்து வரும் வாயு தாதிலுள்ள ஒட்சிசனைப் பிடுங்கிக்கொள்ள, இரும்பு திண்மமாகவே, கடற்பஞ்சு போலத் துளைத்துளையாகத் திரண்டது. உருகி ஓடியது இரும்பல்ல, கிட்டம். தாதோடு வந்த மண்ணும் கல்லும் இரும்பின் ஒரு பங்கைச் சேர்த்துக்கொண்டு 1,200 பாகையளவில் பாகாகி வடிந்தன. மிஞ்சிய கட்டியைக் கொல்லர் மீண்டும் காய்ச்சி, அடித்து, உள்ளே ஒளிந்திருந்த கிட்டத்தைப் பிழிந்து எடுத்தார்கள். அப்படிக் கிடைத்ததைத்தான் பாடநூல் தேனிரும்பு என்கிறது. பிறப்பிலிருந்து அரிவாளாகும்வரை அது ஒருமுறைகூட நீர்மமாகவில்லை. எனவே பழைய இரும்புலையை உருக்கும் உலை என்று சொல்வது, சோறு வடித்த பானையைச் சுட்டிப் ‘பொரித்த சட்டி’ என்பது மாதிரி.

இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டு மன்னார்ப் பக்கத்துக் கட்டுக்கரைக் குளத்துக்கு வருவோம். சிங்களத்தில் யோதவெவ என்றும் ஆங்கிலேயர் வழக்கில் இராட்சதக் குளம் என்றும் பெயர் பெற்ற இதே குளத்தின் பக்கத்தில், யோதவெவ என்ற பெயரிலேயே அறியப்படும் ஆய்விடத்தில், 2018 இல் உருண்டை வடிவான ஓர் உலையின் கீழ்ப்பாதி வெளிப்பட்டது. அதோடு மூசைத் துண்டுகள். அவற்றை மூடிய மூடிகளின் துண்டுகள். மூசை என்பது உலோகத்தை உள்ளே வைத்துக் காய்ச்சும் களிமண் கலம். பழைய நூல்களில் குகை என்றும் வரும். பொற்கொல்லர் மூசைக்கு மூடி கட்டாயமில்லை. மூடியிட்டு, மண் பூசி, காற்றுப் புகாமல் அடைத்த மூசை என்றால் உள்ளே நடந்த வேலையே வேறு. இரும்புத் துண்டையும் காபன் தரும் ஒரு பொருளையும் சேர்த்து அடைத்து, மணிக்கணக்காகச் சூடேற்றினால், காபன் இரும்புக்குள் ஊறுகிறது. ஊற ஊற இரும்பின் உருகுநிலை இறங்குகிறது. நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு காபன் ஏறியதும் 1,400 பாகையைச் சற்றுக் கடந்த சூட்டிலேயே முழுவதும் நீர்மமாகிவிடுகிறது. கிட்டம் மேலே மிதந்து பிரிகிறது; அடியில் சீரான, அழுக்கற்ற ஒரு கட்டி உறைகிறது. ஆய்வாளர்கள் யோதவெவ எச்சங்களை இந்த முறையோடுதான் சேர்க்கிறார்கள். திருக்கேதீச்சரத்தை அடுத்துள்ள மாந்தைத் துறைமுகத்துக்கு அது உள்நாட்டுப் பக்கம். நடந்து போய்வரக்கூடிய தொலைவு.

அந்தக் காபன் எங்கிருந்து வந்தது என்பதைப் பிற்காலப் பதிவுகள் கையில் எடுத்துக் காட்டுவதுபோல் சொல்கின்றன. பறங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஜோசையா மார்ஷல் ஹீத், தமிழ்நாட்டு உலைகளைப் பற்றி 1830களில் எழுதியபோது, அரை இறாத்தலிலிருந்து இரண்டு இறாத்தல்வரையான இரும்பை மூசையில் இட்டு, உலர்ந்த ஆவாரை விறகை நறுக்கிப் போட்டு, மேலே ஓரிரு பச்சை எருக்கிலையை வைத்து, களிமண்ணால் அடைத்ததை விவரித்தார். இருபது, இருபத்துநான்கு மூசைகளை ஓர் உலையில் அடுக்கி இரண்டரை மணிநேரம் ஊதினார்கள். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைக்குத் தலைமை வகித்த ஆனந்த குமாரசுவாமி, பலாங்கொடைப் பக்கத்து அலுத்நுவரயில் எஞ்சியிருந்த தொழிலாளரிடம் கண்டதும் இதையே. மூசை அங்கே குழாய்போல நீண்டது. விறகு மட்டும் மாறவில்லை. சிங்களத்தில் ரணவரா, நமக்கு ஆவாரை அல்லது ஆவரசு. மன்னார்க் கரையில் மஞ்சள் பூவோடு வீதியோரமெல்லாம் நிற்கும் அதே செடி. எருக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்த இரண்டு செடிகளும் உலைக்குள் போனதை ஐரோப்பியர் மந்திரச் சடங்கு என்று எண்ணிய காலமும் உண்டு. விறகு காபன் தந்தது. இலை எரிவாயு தந்து, கலத்துக்குள் இருந்த ஒட்சிசனைத் தின்றது.

மூசை வேலையில் கொல்லருக்கு இருந்த பெரிய கவலை, உள்ளே உருகியதா இல்லையா என்பதுதான். கண்ணால் பார்க்க வழியில்லை, அடைத்த கலம். குறட்டால் தூக்கி அசைத்து, உள்ளே தளும்புகிறதா என்று சோதித்தார்கள். தளும்பாத மூசை வீண். காபன் அரைகுறையாக ஏறிய, உள்ளே ஓட்டை விழுந்த கட்டிதான் அதில் கிடைக்கும். தளும்பினால் பொருள் தேறியது. இப்போது சொல்லுக்குத் திரும்புவோம். நம் பக்கத்துப் பழைய இரும்பு வகைகளில் உருகிப் பிறந்தது இது ஒன்றுதான். அதற்கு உருக்கு என்று பெயர் வைத்தவர்கள், செய்முறையில் எது திருப்புமுனையோ அதையே பெயராக்கியிருக்கிறார்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் இதற்கு இணையான சொல் உக்கு. கன்னடத்தில் உர்க்கு என்ற வடிவமும் இருக்கிறது. பம்பாயிலிருந்து ஹெலினஸ் ஸ்கொட் அனுப்பிய கட்டிகளை ஆராய்ந்து ஜோர்ஜ் பியர்சன் 1795 இல் இலண்டன் அரச கழகத்துக்கு எழுதிய கட்டுரையில் ‘வூட்ஸ்’ என்று பதிந்த பெயரை, இந்த உக்கு என்பதன் சிதைவாகவே பலரும் கொள்கிறார்கள். மைக்கேல் பரடே அந்த உலோகத்தின் இரகசியத்தைத் தேடிச் சோதனை செய்தபோது அவர் வாயில் புழங்கியது நமது கம்மாலைச் சொல்லின் ஒன்றுவிட்ட சகோதரம். அரபு வழக்கில் இத்தீவுக்குச் சரந்தீப் என்று பெயர். 9 ஆம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றி நூல் எழுதிய அல்கிந்தி, சரந்தீப்பின் உருக்கைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். மாந்தை துறைமுகமாக இயங்கிய காலம் அது.

இனி மறுப்புகள். உருக்கு என்ற சொல் பொருள்மயக்கம் தருகிறது என்பது முதலாவது. உண்மைதான், உருக்கு நெய்யும் உண்டு. ஆனால் எஃகு மட்டும் என்ன? பழைய இலக்கியத்தில் அது வேல், கூரிய படைக்கலம், கூர்மை. குறளில் அது ஆயுதமாக வருகிறதே தவிர, உலோக வகையைப் பிரித்துக் காட்டும் பெயராக வரவில்லை. பொருளின் பெயராக எஃகு நிலைத்தது பின்னால் நடந்தது. கருவியின் பெயர் கருவியை ஆக்கிய பொருளுக்குப் போயிற்று. அது குற்றமில்லை. ஆனால் மயக்கம் என்ற குறையைச் சொல்லி ஒன்றைத் தள்ளிவிட்டு, அதே குறையுள்ள மற்றதை அரியணை ஏற்றுவதில் நியாயம் தெரியவில்லை. தமிழ்நாடே உருக்கை முழுக்கக் கைவிடவுமில்லை. சேலத்தில் உள்ள ஆலையைச் செய்தித்தாள்கள் இன்றும் உருக்காலை என்றே எழுதுகின்றன. எஃகாலை என்று சொல்ல யாருக்கும் நா வரவில்லை போலும்.

இரண்டாவது மறுப்பு கனமானது. மூசையில் செய்த பழைய உருக்குக்கு இந்தப் பெயர் பொருந்தட்டும். இன்றைய பாரிய ஆலைகளின் பொருளுக்கும் அதே பெயரை ஒட்டலாமா? ஒட்டலாம், இன்னும் நன்றாகவே ஒட்டும். ஹென்றி பெசமர் 1856 இல் தமது முறையை அறிவித்த பிறகு, ஆலைகளில் வரும் உருக்கெல்லாம் நீர்மமாகிப் பிறப்பதுதான். உருகாமல் அடித்து எடுக்கும் தேனிரும்பு ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. ஒரு காலத்தில் அரிய சரக்கு ஒன்றுக்கு மட்டும் உண்மையாக இருந்த பெயர், இன்று உலகத்து உருக்கு முழுவதற்கும் உண்மையாகிவிட்டது. கலைச்சொல் ஒன்றுக்கு இப்படி நற்பேறு வாய்ப்பது அபூர்வம்.

மூன்றாவது மறுப்பை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை, ஆனால் இருக்கிறது. யோதவெவ உலையை ஊதியவர் தமிழ் பேசினாரா, சிங்களம் பேசினாரா? சிங்களத்தில் உருக்கு ‘வானே’. அந்தச் சொல்லில் உருகுதலின் வாடையே இல்லை. இந்தக் கேள்விக்குள் இறங்க எனக்கு விருப்பமில்லை, இறங்க வேண்டிய தேவையும் இல்லை. சொல்லைக் காணி உறுதியாக்கி நிலத்துக்கு உரிமை கோருகிற பழக்கம் நமது தீவில் போதுமான அளவு கேடு செய்துவிட்டது. நான் சொல்வது சிறியது: தமிழில் ஒரு தொழிற்பெயர் இருக்கிறது; அது வருணிக்கும் வேலை மன்னார்க் கரையின் மண்ணில் நடந்திருக்கிறது. பெயரும் வேலையும் பொருந்துகின்றன. பொருத்தத்தைப் பார்க்க உரிமைப்பத்திரம் வேண்டியதில்லை.

இங்கே வார்ப்பையும் பிரித்துப் பார்க்கவேண்டும். உருக்கலும் வார்த்தலும் ஒன்று என்ற மயக்கம் நமது பாடநூல்களிலும் எட்டிப்பார்க்கிறது. வார்த்தல் என்றால் ஊற்றுதல், தோசைமாவை வார்ப்பதுபோல. மூசை உருக்கை யாரும் வார்க்கவில்லை. அது உருகிய கலத்திலேயே உறைந்தது. கலத்தை உடைத்துத்தான் எடுத்தார்கள். உருக்கை ஊற்றி அச்சில் பிடிக்கும் வேலை 1740களில் ஷெபீல்டில் பெஞ்சமின் ஹன்ஸ்மன் கையில்தான் தொழிலாயிற்று. நம் பக்கத்தில் வார்ப்பு வெண்கலத்துக்கும் செம்புக்கும் உரியது. அதில் சொற்கள் எவ்வளவு தெளிவாக இருந்தன என்பதற்குத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள் போதும். படிமங்களைப் பட்டியலிடும்போது, உள்ளே திண்ணமாக வார்த்ததைக் கனம் என்றும் உள்ளே வெற்றிடம் விட்டு வார்த்ததைப் பொள்ளல் என்றும் பிரித்து எழுதியிருக்கிறார்கள். இன்றைய வார்ப்பாலையில் உட்கருவை வைத்து வார்ப்பதற்கு, பொள்ளல் வார்ப்பு என்பதைவிட நல்ல பெயரை யாரும் இன்னும் காட்டவில்லை.

வார்ப்புருக்கு என்ற கூட்டுச்சொல் அதனால்தான் பழையதாக இருக்க முடியாது. இரண்டு வேலைகளும் சேர்ந்த பிறகே அந்தச் சொல்லுக்கு இடம் வந்தது. சேர்ந்தபோது தொல்லைகளும் சேர்ந்தன. வார்ப்பிரும்பு உறைந்து ஆறும்போது நீளத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று சுருங்கும். வார்ப்புருக்கோ இரண்டு சுருங்கும். ஆகவே மாதிரி செதுக்கும் தச்சர் கையில் உள்ள கோல் பொய்க்கோல்: அதில் ஓர் அடி என்று குறித்திருப்பது உண்மையில் ஓர் அடியும் கால் அங்குலமும். வார்ப்பிரும்புக்கு வேறொரு பொய்க்கோல், அதில் அரைக்கால் அங்குலம் கூட. இரண்டையும் மாற்றி எடுத்தால் துண்டு முழுவதும் வீண்.

உருக்கையும் வார்ப்பையும் இன்று மன்னாரிலேயே பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறந்த தம்பபவனி காற்றாலையில் 30 கோபுரங்கள், 103.5 மெகாவாற். கோபுரத்தின் உடல் தகடாக உருட்டி ஒட்டிய உருக்கு. அதற்கு நமது சொல் தயாராக இருக்கிறது. இத்தகைய காற்றாலைகளில் மூன்று இறக்கைகளும் வந்து பொருந்தும் தலைக்குடம் வழக்கமாக வார்த்தெடுப்பது. அது சாதாரண வார்ப்பிரும்பல்ல. அடித்தால் நொறுங்குகிற வார்ப்பிரும்பு அந்த உயரத்தில் ஒரு கச்சானைத் தாங்காது. உருகிய இரும்பில் வார்ப்பதற்கு முன் சிறிது மக்னீசியம் சேர்த்தால், உள்ளே செதில் செதிலாக விழவேண்டிய காரீயம் (பென்சிற்கரி) உருண்டை உருண்டையாகத் திரள்கிறது. வெடிப்பு ஓட வழி கிடைப்பதில்லை. கோயம்புத்தூர் வார்ப்பாலைகளில் இதற்கு ‘எஸ்.ஜி. அயன்’ என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. நமது கலைச்சொற்றொகுதிகளும் பாடநூல்களும் ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கின்றன. அவற்றில் எது கம்மாலை வாயில் நிற்கும் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.