வெட்டிய சடை என்ன ஆகிறது?

கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தைச் சேர்ந்த பெண் காவலர் ஒருவர், 2019-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தம் நீண்ட கூந்தல் முழுவதையும் மழித்துக்கொண்டார். கோயில் வேண்டுதல் எதுவும் இல்லை. புற்றுநோய்ச் சிகிச்சையால் முடியை இழந்தவர்களுக்கு டோப்பா செய்வதற்காக அதைக் கொடுத்துவிட்டார். மொட்டைத் தலையுடன் அவர் நிற்கும் படத்தைப் பத்திரிகைகள் வெளியிட்டன. கல்லூரி மாணவியரும் பள்ளிச் சிறுமியரும்கூட இப்படிக் கொடுத்து வருகிறார்கள். ஏன், இதற்கென்றே இரண்டு மூன்று ஆண்டுகள் முடி வளர்த்துக் கேலிக்கு ஆளான பையன்களும் உண்டு.

இரத்தம் கொடுக்க ஊசி குத்த வேண்டும். சிறுநீரகம் கொடுக்க அறுவைச் சிகிச்சை வேண்டும். முடியைக் கொடுக்கக் கத்தரிக்கோல் ஒன்றே போதும், வலியே இல்லை. ஏன் தெரியுமா? தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் முடியில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை. நரம்பும் இல்லை, இரத்தக் குழாயும் இல்லை. கெராட்டின் என்னும் புரதத்தால் ஆன இழை அது. நம் நகமும், மாட்டின் கொம்பும், மானின் குளம்பும் அதே வகைப் பொருளால் ஆனவைதாம். முடி தீயில் பட்டால் ஒரு கெட்ட நாற்றம் எழுகிறதே, அதற்குக் காரணம் இந்தப் புரதத்தில் உள்ள கந்தகம்.

உயிர் இருப்பது தோலுக்கு அடியில், மயிர்க்காலில். அங்குள்ள செல்கள் ஓயாமல் பிரிந்து பெருகுகின்றன. புதியவை பழையவற்றை மேலே தள்ளுகின்றன. மேலே செல்லச் செல்ல அவை கெராட்டினால் நிறைந்து இறந்துபோகின்றன. இவ்வாறு ஒரு முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் நீளுகிறது. இது சொற்பம் என்று எண்ணிவிடாதீர்கள். நம் தலையில் சுமார் 1 லட்சம் முடிகள் உள்ளன. ஆளுக்கு 1 சென்டிமீட்டர் என்றால் மாதத்துக்கு 1 லட்சம் சென்டிமீட்டர், அதாவது 1 கிலோமீட்டர்! ஒவ்வொரு தலையும் மாதந்தோறும் 1 கிலோமீட்டர் நீள இழையை நூற்றுக்கொண்டிருக்கிறது. எந்த நூற்பாலைக்கும் இது சளைத்ததல்ல.

இந்த வேகமே நோயாளிக்கு வினையாக முடிகிறது. புற்றுநோய்ச் செல்களின் குணம் கட்டுப்பாடின்றிப் பெருகுவது. அவற்றை அழிக்கக் கொடுக்கப்படும் மருந்துகளில் பல, பிரிந்துகொண்டிருக்கும் செல்களைத் தேடித் தாக்குபவை. நல்ல செல், கெட்ட செல் என்று பகுத்தறியும் திறன் அவற்றுக்குப் போதாது. எலும்பு மஜ்ஜை, வாயின் உட்சவ்வு, குடலின் உட்சவ்வு, மயிர்க்கால் ஆகிய இடங்களில் செல்கள் வேகமாகப் பெருகுவதால் அங்கேயும் அடி விழுகிறது. சிகிச்சை தொடங்கிய இரண்டு மூன்று வாரங்களில் தலையணை முழுவதும் முடியாக இருக்கும். எல்லா மருந்துகளும் இப்படிச் செய்வதில்லை. ஆனால் பெரிதும் பயன்படும் சில மருந்துகள் முடியை ஏறக்குறைய முழுவதுமாக உதிர்த்துவிடுகின்றன.

சிகிச்சைக்குப் பின் பள்ளிக்குத் திரும்பும் ஒரு சிறுமியை நினைத்துப் பாருங்கள். அவள் வாய் திறப்பதற்கு முன்பே அவள் தலை வகுப்பு முழுவதற்கும் செய்தியைச் சொல்லிவிடுகிறது. சிலர் துணி கட்டிக்கொள்கிறார்கள். சிலர் எதையும் மறைக்காமல் தைரியமாக அப்படியே வருகிறார்கள். நம் ஊர் வெயிலில் டோப்பா அரிக்கிறது என்று கழற்றி வைப்பவர்களும் உண்டு. அதெல்லாம் அவரவர் விருப்பம். வேண்டும் என்று கேட்பவருக்கு அது கிடைக்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

புற்றுநோய் மட்டும் காரணம் அல்ல. ‘புழுவெட்டு’ என்று நாம் சொல்லும் நோயில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல், தவறுதலாகத் தன் சொந்த மயிர்க்கால்களையே தாக்குகிறது. சிலருக்குத் தலை முழுவதுமே வழுக்கையாகிவிடும். அமெரிக்காவில் 1997-இல் தொடங்கப்பட்ட ‘லாக்ஸ் ஆஃப் லவ்’ என்ற அமைப்பிடம் டோப்பா பெறும் சிறுவர் சிறுமியரில் இந்த நோய் கண்டவர்கள் மிகுதி.

ஊர்ந்து செல்லும் முடி

இப்போது ஒரு சோதனை. உதிர்ந்த நீளமான முடி ஒன்றை எடுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, முடியின் நீளவாக்கில் விரல்களை முன்னும் பின்னும் தேயுங்கள். முடி ஒரு பக்கமாக மெல்ல ஊர்ந்து போகும். அதைத் திருப்பி வைத்துத் தேய்த்தால் எதிர்ப்பக்கம் ஊரும். எப்படி வைத்தாலும் வேர் இருந்த முனையே முன்னால் போகும்.

முடியை நுண்ணோக்கியில் பார்த்தால் காரணம் விளங்கும். கூரையில் ஓடு வேய்ந்ததுபோல அதன் மேற்பரப்பில் மெல்லிய செதில்கள் அடுக்கடுக்காக அமைந்துள்ளன. செதில்களின் ஓரங்கள் எல்லாம் நுனியை நோக்கியே இருக்கும. வேரிலிருந்து நுனிக்கு விரலை ஓட்டினால் வழுக்கும். நுனியிலிருந்து வேருக்கு ஓட்டினால் தடுக்கும். அதனால்தான் முடி ஒரு திசையில் மட்டும் நகர்கிறது.

சடையை ஏன் கட்டிய பிறகே வெட்டச் சொல்கிறார்கள் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. ஒரு கற்றையில் பாதி முடிகள் தலைகீழாகக் கிடந்தால், உராயும்போதெல்லாம் அவை எதிரெதிராக ஊர்ந்து, செதிலோடு செதில் மாட்டிச் சிக்காகிவிடும். கம்பளித் துணி துவைத்தபின் சுருங்கிக் கெட்டியாவதும் இதே வித்தைதான். சீப்பில் சிக்கிய முடியைச் சேர்த்துவைத்து, தெருவில் வரும் வியாபாரியிடம் கொடுத்துப் பாத்திரம் வாங்குவது நம் பாட்டிமார் வழக்கம். அந்த முடியில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். சிக்காமல் இருக்க, அதை அமிலத்தில் இட்டுச் செதில்களை அகற்றுகிறார்கள். செதிலோடு இயற்கையான மினுமினுப்பும் போய்விடுவதால், மேலே ஒரு பூச்சுப் பூச வேண்டியிருக்கிறது. அது நாள்பட நிற்பதில்லை.

தானம் கொடுப்பவரின் முடியை நன்றாகக் கழுவி, முற்றிலும் உலர்த்தி, இறுகக் கட்டி, கட்டுக்குச் சற்று மேலே வெட்டுகிறார்கள். இப்படி வெட்டினால் எல்லா வேர் முனைகளும் ஒரே பக்கம் இருக்கும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். சாயத்தை வெளுக்கும் இரசாயனம் பட்ட முடி வலுவிழந்திருப்பதால் அதைப் பெரும்பாலும் ஏற்பதில்லை.

ஒரு சடை போதாது

என் தலையில் 1 லட்சம் முடி இருக்கிறதே, அதை ஒருவருக்கு அப்படியே மாற்றிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். சடையின் அடியையும் நுனியையும் பாருங்கள். அடியில் மணிக்கட்டுப் பருமன், நுனியில் எலிவால். எல்லா முடிகளும் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. ஒவ்வொன்றும் 2 முதல் 6 ஆண்டுகள் வளர்ந்து, சில மாதம் ஓய்வெடுத்து, உதிர்ந்து, பிறகு புதிதாக முளைக்கிறது. எனவே ஒரே சடையில் மூன்று ஆண்டு முடியும் இருக்கும், மூன்று மாத முடியும் இருக்கும். இரும்பு முட்கள் நிறைந்த பலகையில் சடையை வாரும்போது குட்டை முடிகள் எல்லாம் கழிந்துபோகின்றன.

எஞ்சியதை நீளவாரியாகப் பிரித்து, தலையின் அளவுக்குச் செய்த மெல்லிய வலைத் தொப்பியில் நுண்ணிய கொக்கி ஊசியால் ஒன்றிரண்டு இழைகளாக முடிச்சிடுகிறார்கள். நெற்றி ஓரத்தில் ஒற்றை ஒற்றை இழையாகவே போட வேண்டும். இல்லையேல் பார்த்தவுடன் பொய் என்று தெரிந்துவிடும். முழுவதும் கையால் செய்தால் வாரக்கணக்கில் ஆகும். இழையை மடித்து முடிச்சிடுவதால் நீளத்தில் கொஞ்சம் குறையும். 10, 12 அங்குலமாவது வேண்டும் என்று பல அமைப்புகள் கேட்பது இதனால்தான். ஒரு டோப்பாவுக்கு 6 முதல் 10 சடைகள் வரை தேவைப்படும் என்று லாக்ஸ் ஆஃப் லவ் கணக்குச் சொல்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முடிக்கு நல்ல விலை உண்டு. திருப்பதியில் பக்தர்கள் செலுத்தும் முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. அது பல நாடுகளுக்குப் போகிறது. விலைபோகும் பொருள் என்றால் தானத்தின் பெயரால் வாங்கி விற்பவர்களும் வருவார்கள். அதனால், முடியை யார் பெறுகிறார்கள், டோப்பா நோயாளிக்கு இலவசமாகப் போகிறதா என்று மருத்துவமனையிலேயே விசாரித்துவிட்டுக் கொடுப்பது நல்லது. வீட்டில் அனுமதி கேட்பதையும் மறக்க வேண்டாம். கத்தரிக்கோல் வெட்டியதை ஒட்ட வைக்காது.

மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்கிறார்களே, உண்மையா? இல்லை. கத்தி தொடுவது இறந்த இழையைத்தான். மயிர்க்காலுக்கு அந்தச் சங்கதி எட்டுவதேயில்லை. வெட்டுப்பட்ட முனை மழுங்கலாக இருப்பதால் தடவிப் பார்க்கும்போது தடிமனாகத் தோன்றுகிறது. வெட்டிய 30 சென்டிமீட்டரைத் திரும்பப் பெறச் சுமார் இரண்டரை ஆண்டுகள் ஆகும். நோயாளியின் மயிர்க்கால்களும் பெரும்பாலும் மடிந்துபோவதில்லை. சிகிச்சை முடிந்த சில மாதங்களில் தலையில் பூனைமயிர்போல மெல்ல அரும்பத் தொடங்குகிறது. முன்பு நேராக இருந்த முடி சிலருக்குச் சுருட்டையாக முளைத்து, நாளடைவில் பழையபடி மாறிவிடுவதும் உண்டு.