பணம் கட்டுவது மகன், கேட்க வேண்டியது அம்மாவிடம்

முதலில் டீயைக் குடியுங்கள். ஊரில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு ஒரு கேர் மேனேஜர் வைக்கலாமா, எவ்வளவு கொடுப்பது, ஆளை நம்பலாமா என்று கேட்டீர்கள். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது.

குளிப்பாட்டி, டயப்பர் மாற்றி, கூடவே படுத்துக்கொள்பவர் அட்டெண்டர். ஊசி போட்டு, புண்ணுக்கு மருந்து கட்டுபவர் ஹோம் நர்ஸ். கேர் மேனேஜர் இந்த இரண்டையும் செய்ய மாட்டார். வீட்டுக்கு அட்டெண்டர் போதுமா, நர்ஸ் வேண்டுமா என்று முடிவு செய்ய உதவுபவர் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்ததும் பழைய மாத்திரையையும் புதிய மாத்திரையையும் அம்மா சேர்த்து விழுங்கிவிடாதபடி டாக்டரிடம் கேட்டுச் சரிபார்ப்பார். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு நிலைமையை உள்ளபடி சொல்வார். அமெரிக்காவில் இந்தத் தொழில் செய்பவர்கள் 1985இலேயே சங்கம் அமைத்து, தங்களுக்கென்று நடத்தை விதிகள் எழுதிக்கொண்டார்கள். அங்கேயும் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் இதற்குப் பணம் தராது. மணிக்கணக்குப் போட்டுக் குடும்பம்தான் கொடுக்கிறது.

சென்னை, கோவை போன்ற ஊர்களில் இப்போது இதற்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் இந்தப் பெயரில் தொழில் செய்ய நம் நாட்டில் தனி உரிமம் என்று ஒன்று கிடையாது. ஆகவே சோதித்துப் பார்க்கிற வேலை நம் தலையில்தான். நர்ஸ் என்று சொல்லி வருபவரிடம் மாநிலச் செவிலியர் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். ஏற்கெனவே அவர்களிடம் சேவை பெற்ற இரண்டு குடும்பங்களின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிப் பேசுங்கள். கொடுக்கத் தயங்கினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

பணத்தை மூன்று விதமாக வாங்குகிறார்கள். ஒரு முறை வந்து மதிப்பீடு செய்து கொடுப்பதற்கு ஒரு கட்டணம். மாதாமாதம் பேக்கேஜ். மூன்றாவது, அட்டெண்டரை அனுப்பி அவர் சம்பளத்தில் எடுத்துக்கொள்ளும் பங்கு. என்னைக் கேட்டால் முதலில் மதிப்பீட்டுக்கு மட்டும் பணம் கொடுங்கள். மதிப்பீடு இலவசம் என்றால், அந்தச் செலவைப் பின்னால் எங்கோ வசூல் செய்யப்போகிறார்கள் என்று பொருள். அட்டெண்டரை அனுப்பினால் வருமானம் வரும் நிலையில் இருப்பவர், அட்டெண்டர் தேவையில்லை என்று எழுதிக் கொடுக்க மாட்டார். அதனால் இதை நேரடியாகக் கேட்டுவிடுங்கள்: ‘நீங்கள் சிபாரிசு செய்கிற லேப், ஆஸ்பத்திரி, ஏஜென்சி யாரிடமாவது கமிஷன் வாங்குகிறீர்களா?’ பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நல்ல மதிப்பீடு என்றால் குளியலறைத் தரையிலிருந்து மருந்து டப்பா வரை பார்ப்பார்கள். இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறார், படி ஏற முடிகிறதா, கேஸ் அடுப்பை அணைக்க மறக்கிறாரா என்று விசாரிப்பார்கள். எல்லாவற்றையும்விட, அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து பேசுவார்கள். மகனையோ மருமகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்த அம்மாவும் மனத்தில் உள்ளதைச் சொல்ல மாட்டாள். ‘அவனைக் கஷ்டப்படுத்தாமல் இருந்தால் போதும்’ என்பாள். பணம் டல்லாஸிலிருந்து வரலாம். ஆனால் யார் குளிப்பாட்டலாம், கூடத்தில் கேமரா வைக்கலாமா, எந்தத் தகவல் பிள்ளைகளின் வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போகலாம் என்று சொல்லவேண்டியவள் அவள். இதை ஒத்துக்கொள்ளாத கேர் மேனேஜர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம்.

அட்டெண்டர் விஷயத்தில் இன்னொன்றையும் கேளுங்கள். நீங்கள் ஏஜென்சிக்குக் கட்டும் தொகையில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது? இருபத்து நான்கு மணி நேரமும் உங்கள் வீட்டில் இருப்பவருக்கு வாராந்தர விடுப்பு உண்டா, படுக்க இடம் இருக்கிறதா, சாப்பாடு யார் பொறுப்பு? சம்பளம் பிடித்தம் போய்க் கொஞ்சமாகக் கிடைத்தால் அவர் பத்து ரூபாய் கூடக் கிடைக்கும் வீட்டுக்குப் போய்விடுவார். அம்மா மறுபடியும் ஒரு புது முகத்தின் முன்னால் கூச்சத்தோடு புடவையை அவிழ்க்க வேண்டியிருக்கும். ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் முதியவர்கள் படும் அவமானத்தை நாம் செலவுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

எதிலிருந்து கட்டுவது? அம்மாவின் பென்ஷன், வாடகை, வங்கி வட்டி முதலில், மீதியைப் பிள்ளைகள். மருத்துவக் காப்பீடு பொதுவாக ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான். வீட்டு அட்டெண்டருக்கு அதை நம்பாதீர்கள். பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வாங்கியிருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எழுதிக் கொடுத்தவர் மனநிலை தவறினால் நம் ஒப்பந்தச் சட்டப்படி அந்தப் பவர் செல்லாது. மறதி நோய் முற்றிய பிறகு பணத்தைக் கையாள, காப்பாளராக நியமிக்கக் கோரி உயர் நீதிமன்றம் வரை போன குடும்பங்கள் உண்டு. நினைவு தெளிவாக இருக்கும்போதே வங்கிக் கணக்கில் கூட்டாகப் பெயர் சேர்ப்பது, உயில் எழுதுவது எல்லாவற்றையும் அம்மா மனசுப்படி முடித்துவிடுங்கள்.

இனி அண்ணன் தங்கை சண்டைக்கு வருவோம். பெரும்பாலும் அண்ணன் பணம் அனுப்புகிறான், தங்கை ஓடியாடுகிறாள். ‘நான்தானே எல்லாம் கட்டுகிறேன்’ என்கிறான் அவன். அவள் வேலைக்குப் போட்ட லீவும் தூங்காத ராத்திரிகளும் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கேர் மேனேஜரைக் கூப்பிட்டு இதைத் தீர்த்துவைக்கச் சொல்லாதீர்கள். அவர் சம்பளம் இருவரில் ஒருவர் கையில் இருக்கிறது. சமரசத்துக்குத் தனி ஆள் வேண்டும். அவர் கட்டணத்தை உடன்பிறந்தவர்கள் சமமாகப் பங்கிட வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் சமரச மையம் 2005இல் தொடங்கியது. அப்படிப்பட்ட இடத்தில் பயிற்சி பெற்ற சமரசர்கள் தனியாகவும் செய்கிறார்கள், ஓர் அமர்வுக்கு இவ்வளவு என்று. நல்ல சமரசர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். தங்கையின் உழைப்புக்கு மாதம் ஒரு தொகை, அண்ணன் ஊருக்கு வந்து அவளுக்கு ஓய்வு தரும் வாரங்கள், ஆஸ்பத்திரியில் யார் கையெழுத்து என்று அவர்களையே பேசி எழுத வைப்பார். அம்மாவும் அந்த அறையில் இருக்க வேண்டும்.

பேச்சு முறிந்தால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம் இருக்கிறது. அதிலும் விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்ப வழி உண்டு. அவர் ஒரு மாதத்தில் முடிவைச் சொல்ல வேண்டும். தீர்ப்பாயம் பிள்ளைகளிடமிருந்து வாங்கித் தரக்கூடிய உச்சத்தொகையை அந்தச் சட்டம் மாதம் 10,000 ரூபாய் என்று வைத்தது. இன்று சென்னையில் முழுநேர அட்டெண்டருக்கே அது காணாது. அதைவிடப் பயன்படுவது 23ஆம் பிரிவு. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு எழுதி வாங்கிய சொத்தை, பராமரிக்காவிட்டால் ரத்து செய்யலாம். அந்த நிபந்தனை இருந்தே தீர வேண்டும் என்று 2022இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2025 ஜனவரியில் ஒரு தாயின் வழக்கில் சட்டத்தைத் தாராளமாகப் பொருள்கொண்டு தானப் பத்திரத்தை ரத்து செய்தது. நீதிபதியின் மனத்தை நம்பி இருப்பானேன்? செட்டில்மென்ட் எழுதுவதாக இருந்தால் நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். வேறு எந்த உதவிக்கும் முதியோர் உதவி எண் 14567ஐ அம்மாவின் போனிலும் பதிந்து வையுங்கள்.

கடைசியாக ஒப்பந்தம். நடு இரவில் அட்டெண்டர் போய்விட்டால் எத்தனை மணி நேரத்தில் மாற்று ஆள், அட்வான்ஸ் எப்போது திரும்பும், எத்தனை நாள் முன்னறிவிப்பில் விலகலாம் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். கட்டாதீர்கள். மூன்று மாதத்துக்கு மட்டும் போடுங்கள். அது முடியும்போது அம்மாவைக் கேட்டுவிட்டு நீட்டிக்கலாம்.