பாட்டி 'சும்மா' இல்லை... மனித இனத்தை வளர்த்த கைகள் அவை!

"வீட்டுல சும்மாதானே இருக்காங்க... குழந்தையைப் பார்த்துக்கட்டுமே!" - பாட்டிகளைப் பற்றி நாம் சாதாரணமாகச் சொல்லும் வார்த்தை இது. அந்தச் 'சும்மா'வுக்குள் மனித இனம் தழைத்த கதையே இருக்கலாம் என்கிறார்கள் மானுடவியலாளர்கள்.

முதலில் ஒரு புதிரைப் பார்ப்போம். பெரும்பாலான பாலூட்டிகளில், பெண் விலங்கு கிட்டத்தட்ட கடைசிக் காலம் வரை குட்டி ஈனும். மனிதப் பெண்ணுக்கோ சுமார் 50 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகும் 20, 30 ஆண்டுகள் தெம்பாக நடமாடுகிறாள். ஆர்க்கா உள்ளிட்ட சில திமிங்கில வகைகளில் இப்படிப்பட்ட நீண்ட முதுமை உண்டு. மற்றபடி இது மிக அபூர்வம். இயற்கை ஏன் இப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்தது?

"மருந்து, மருத்துவமனை வந்த பிறகுதானே ஆயுள் கூடியது?" என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காலத்தில் சராசரி ஆயுள் குறைவாக இருந்ததற்கு முக்கியக் காரணம், குழந்தைகள் அதிகமாக இறந்ததுதான். இன்றும் வேட்டையாடி, காய் கிழங்கு சேகரித்து வாழும் மக்களிடையே, பிள்ளைப் பருவத்தைத் தாண்டியவர்களில் பலர் 60, 70 வயது வரை வாழ்கிறார்கள். ஆக, பாட்டி என்பவர் நவீன மருத்துவம் தந்த புதுவரவு அல்ல.

கிழங்கு தோண்டும் பாட்டிகள்

விடைக்கான துப்பு கிடைத்தது, ஆப்பிரிக்காவின் தான்சானியாவில். அங்கே ஏயாசி ஏரியைச் சுற்றி 'ஹட்சா' என்ற மக்கள் வாழ்கிறார்கள். மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர். ஆண்கள் வில் அம்போடு வேட்டைக்கும் தேனெடுக்கவும் போவார்கள். பெண்கள் பழம் பறிப்பார்கள், கிழங்கு தோண்டுவார்கள்.

1980-களில் அமெரிக்க மானுடவியலாளர் கிறிஸ்டன் ஹாக்ஸும் அவருடைய குழுவினரும் இவர்களோடு தங்கி, யார் எவ்வளவு நேரம் உழைக்கிறார்கள், எவ்வளவு உணவு கொண்டுவருகிறார்கள் என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். கணக்குப் பார்த்தபோது ஆச்சரியம்! பிள்ளை பெறும் வயதுப் பெண்களைவிட, அந்த வயதைக் கடந்த மூதாட்டிகள்தான் உணவு தேடுவதில் அதிக நேரம் செலவிட்டார்கள்.

வறண்ட மண்ணில், பாறைகளுக்கு அடியில் ஆழமாக ஓடும் கிழங்கை, கூர்மையான கழியால் குத்திக் கிளப்ப வேண்டும். ஹட்சா பிள்ளைகள் சிறு வயதிலேயே பழம் பறிக்கக் கெட்டிக்காரர்கள்தான். ஆனால், இந்தக் கிழங்கைத் தோண்டச் சின்னக் கைகளுக்கு வலு போதாது.

அடுத்த கணக்கு இன்னும் சுவாரஸ்யம். சாதாரண நாட்களில், அம்மா எவ்வளவு உழைக்கிறாளோ அதற்கேற்ப பிள்ளையின் எடை கூடியது. கைக்குழந்தை பிறந்து அம்மாவின் நேரம் அதற்கே போய்விட்டபோது, மூத்த பிள்ளையின் எடை பாட்டியின் உழைப்போடு சேர்ந்து ஏறியது!

சிம்பன்சி அம்மாவும் மனித அம்மாவும்

சிம்பன்சி ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே சுமார் 5 ஆண்டுகள் விடுகிறது. பால் மறந்த குட்டி தன் சாப்பாட்டைப் பெரும்பாலும் தானே தேடிக்கொள்ளும். மனிதர்களில் இடைவெளி குறைவு. பால் மறந்த பிறகும் பல ஆண்டுகள் பிள்ளைக்கு ஊட்ட ஆள் வேண்டும். அந்த ஆள் பாட்டி என்றால், மகள் சீக்கிரமே அடுத்த பிள்ளையைப் பெறலாம். முதல் பிள்ளையும் பிழைக்கும். தலைமுறை தலைமுறையாக இது தொடர, நீண்ட ஆயுள் நம் உடம்பிலேயே பதிந்தது என்பதுதான் 'பாட்டிக் கருதுகோள்'.

பின்லாந்து, கனடா நாடுகளின் 18, 19-ம் நூற்றாண்டு குடும்பப் பதிவுகளை ஆராய்ந்து 2004-ல் வெளியான ஆய்வும் இதையொட்டியே பேசியது. 50 வயதைத் தாண்டி ஒரு பெண் வாழ்ந்த ஒவ்வொரு 10 ஆண்டுக்கும், சராசரியாக 2 பேரப்பிள்ளைகள் கூடுதலாக இருந்தார்கள்.

எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. அப்பாக்களின் வேட்டை உணவுக்கும் பெரும் பங்குண்டு என்பவர்கள் இருக்கிறார்கள். பாட்டி என்றாலே பேரன் பேத்திக்கு நன்மைதான் என்று எல்லாச் சமூகங்களிலும் ஒரே மாதிரி சொல்லிவிடவும் முடியாது.

பல கைகள் வளர்த்த பிள்ளை

ஆனாலும் ஒரு விஷயம் தெளிவு. மனிதக் குழந்தை, ஒரு தாய் மட்டும் வளர்க்கும் பிள்ளையாக இருந்ததே இல்லை. பாட்டி, சித்தி, அக்கா, அப்பா என்று பல கைகளில் அது வளர்ந்தது. யார் முகத்தில் என்ன இருக்கிறது என்று படிக்கும் திறமையே இப்படிப் பலரிடம் வளர்ந்ததால் வந்திருக்கலாம் என்கிறார், மானுடவியலாளர் சாரா ஹர்டி.

அடுக்குமாடிக் குடியிருப்பில் கைக்குழந்தையோடு தனியாகத் திணறும் இளம் அம்மாக்களே, 'என்னால் முடியவில்லையே' என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஒருத்தி தனியாகச் செய்யும் வேலையாக இது எப்போதும் இருந்ததில்லை. உதவி கேட்பது மனித இனத்தின் மிகப் பழைய வழக்கம்.

வீட்டில் பாட்டி இருந்தால், அவருக்கும் கால் வலிக்கும், ஓய்வு வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். அவர் செய்வது வேலை. அதை வேலை என்றே சொல்லுங்கள். 'சும்மா' என்று சொல்லாதீர்கள்!