தொட்டி மீனுக்கு உடம்பு சரியில்லையா? மருந்தைத் தேடும் முன் தண்ணீரைப் பாருங்கள்!

"டாக்டர், அம்மாவுக்கு நாடி பார்த்து முடிச்சதும் இவனுக்கும் பாருங்க!"

போன மார்கழியில், தர்மபுரியில் என் கிளினிக்கில் நடந்தது இது. முழங்கால் வலிக்கு மருந்து வாங்க வந்த அம்மாவோடு ஒரு பையன். ஐந்தாம் வகுப்பு படிக்கிறானாம். கையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். அதற்குள் ஒரு கோல்டு ஃபிஷ்! வால் கந்தலாகக் கிழிந்திருந்தது. மேலே வந்து வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"மீனுக்கெல்லாம் டாக்டர் வைத்தியம் பார்க்க மாட்டாரு, வாடா" என்று அம்மா அதட்டினார். பையனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சிரித்து அனுப்பியிருக்கலாம். ஆனால், எனக்கு ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது.

நான் செய்த தப்பு

என் மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஆசையாக மீன் வளர்த்தாள். அதில் ஒன்றுக்கு வாலில் காயம். 'பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் ஐந்தரை வருஷம் படிச்சவனுக்கு இது தெரியாதா?' என்ற நினைப்பில், மஞ்சளும் வேப்பிலையும் போட்டுக் கொதிக்க வைத்து, ஆறியதும் ஒரு டம்ளர் கஷாயத்தை அப்படியே தொட்டியில் ஊற்றினேன். விடிந்து பார்த்தால் ஆறு மீனும் மல்லாந்து மிதந்தன! காயம் பட்டது ஒன்று, செத்தது ஆறு. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நமக்குக் கொடுக்கிற மருந்து வயிற்றுக்குள் போய், செரித்து, பிறகுதான் உடம்பில் சேருகிறது. மீனுக்கு அப்படியில்லை. தண்ணீரில் கரைந்தது பலவும் செவுள் வழியாக நேரே ரத்தத்துக்குப் போய்விடும். பூச்சியைக் கொல்லும் வேம்பின் சத்து, அளவு மீறினால் மீனையும் கொல்லும். ஊற்றிய கஷாயம் கெட ஆரம்பித்தால் தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவும் குறைந்துவிடும்.

"குளத்து மீனுக்கு மஞ்சள் போடுறாங்களே?" என்று கேட்பீர்கள். உண்மைதான். 1988-ல் இந்தியாவுக்குள் நுழைந்த புண் நோய் ஏரி, குளத்து மீன்களை வாட்டியபோது விவசாயிகள் சுண்ணாம்பும் மஞ்சளும் கலந்து போட்டார்கள். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் அந்த நோய்க்கென்றே 'சைஃபாக்ஸ்' என்ற மருந்தைத் தயாரித்தது. ஆனால் அதெல்லாம் பெரிய குளத்துக்கு, நீரின் பரப்பைக் கணக்கிட்டுப் போடுவது. உங்கள் தொட்டியில் இருப்பதோ 40, 50 லிட்டர். அங்கே கைமருந்து விளையாட்டு வேண்டாம்.

தண்ணீர்தான் அதற்குக் காற்று

பையனிடம் விசாரித்தேன்.

"எதுல தம்பி வளர்க்கிறே?"

"கண்ணாடிக் கிண்ணத்துல. தினமும் தண்ணி பூராவும் மாத்திடுவோம் டாக்டர்!"

"எந்தத் தண்ணி?"

"குழாய்ல வர்ற ஒகேனக்கல் தண்ணி."

நோய் பிடிபட்டுவிட்டது!

ஃபுளோரைடு கலந்த கிணற்று நீரால் பல்லும் எலும்பும் கெட்டுப் போன நம் மாவட்டத்துக்கு 2013-ல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் பெரிய வரம். நாம் குடிப்பதற்காக அதில் குளோரின் கலக்கிறார்கள். நமக்கு நல்லது. மீனின் செவுளையோ அது புண்ணாக்கிவிடும். குழாய் நீரை அகலமான பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, பிறகு ஊற்றுங்கள். அவசரம் என்றால் மீன் கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை, பாட்டிலில் போட்டிருக்கும் அளவுப்படி சேர்க்கலாம்.

அடுத்த எதிரி அம்மோனியா. மீன் செவுள் வழியாகவும் கழிவிலும் அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கிறது. மிச்சமான தீனி அழுகினாலும் அதுவே உண்டாகும். ஃபில்டர் ஸ்பாஞ்சில் குடியிருக்கும் நல்ல கிருமிகள் இதை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகக் கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஸ்பாஞ்சை குழாயடியில் பளிச்சென்று தேய்த்துக் கழுவினால் அந்த நல்ல கிருமிகள் செத்துப் போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிப் போடுங்கள்.

ஆகவே மீன் சோர்ந்து கிடந்தால் முதல் சிகிச்சை இதுதான்: கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் போன, அதே சூடுள்ள தண்ணீரை மெதுவாக ஊற்றுவது. முழுசாக மாற்றாதீர்கள். ஓரிரு நாள் தீனியை நிறுத்துங்கள். "ஐயோ, பட்டினியா?" என்று பதற வேண்டாம். வளர்ந்த மீன் சில நாள் பட்டினியைத் தாங்கும்.

மீனுக்கு ஒரு தனி வார்டு

காயம் பட்ட மீனை மற்ற மீன்கள் கொத்தும். அதனால் 10 லிட்டர் பிளாஸ்டிக் டப்பில் தொட்டித் தண்ணீரையே ஊற்றித் தனியாக வையுங்கள். ஏர் பம்ப் அவசியம். மேலே வலை போட்டு மூடுங்கள். வெளிச்சம் குறைவாக இருக்கட்டும்.

நம் அஞ்சறைப் பெட்டியிலிருந்து இங்கே நான் சிபாரிசு செய்வது ஒன்றே ஒன்றுதான்... உப்பு! ஒரு லிட்டருக்கு 1 கிராம் கல்லுப்பு. 10 லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன். தனி டம்ளரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். தேவைப்பட்டால் ஓரிரு நாளில் லிட்டருக்கு 2, 3 கிராம் வரை கூட்டலாம். கோல்டு ஃபிஷ், கப்பி, மோலி இதைத் தாங்கும். செதில் இல்லாத கெளுத்தி வகைகளும் தொட்டிச் செடிகளும் தாங்காது. தண்ணீர் ஆவியானாலும் உப்பு அங்கேயேதான் இருக்கும். எனவே, மாற்றிய தண்ணீருக்கு மட்டும் உப்புச் சேருங்கள்.

அறிகுறியும் வைத்தியமும்

வால், துடுப்பு கிழிசல்: சண்டை, கூரான கல், பிளாஸ்டிக் செடி ஆகியவை காரணம். காரணத்தை நீக்கி, தண்ணீரைச் சுத்தமாக வைத்தால் சில வாரங்களில் வளர்ந்துவிடும். ஓரம் வெளுத்து அழுகிக்கொண்டே போனால் அது கிருமித் தொற்று.

பஞ்சு ஒட்டியது போல்: காயத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது. தனி டப்பில் மெத்திலீன் ப்ளூவை, அட்டையில் உள்ள அளவுப்படி பயன்படுத்தலாம். பெரிய தொட்டியில் ஊற்றினால் நல்ல கிருமிகளும் போய்விடும்.

ரவை தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள்: இது ஓர் ஒட்டுண்ணி. நம் ஊர் மார்கழி, தை இரவுக் குளிரில் தண்ணீர் சட்டென்று சில்லிட்டால் மீன் பலவீனமாகி எளிதில் மாட்டிக்கொள்ளும். உடம்பில் ஒட்டியிருக்கும்போது மருந்து இதைத் தொடாது, உதிர்ந்து நீந்தும்போதுதான் சாகும். அதனால் இதற்கு மட்டும் தொட்டி முழுவதற்கும் வைத்தியம் தேவை. புள்ளி மறைந்ததும் நிறுத்தாமல் இரண்டு வாரம் தொடருங்கள்.

வயிறு உப்பி, செதில்கள் அன்னாசிப்பழம் போல் சிலிர்த்தால்: உள்ளுறுப்பு கெட்டதன் அடையாளம். பெரும்பாலும் பிழைப்பதில்லை. குழந்தைகளிடம் பக்குவமாக உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

டெட்ராசைக்ளின் காப்ஸ்யூலைப் பிரித்துத் தொட்டியில் கொட்டும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம்! கிருமிகளுக்கு மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொடுக்கும் வேலை அது. இரண்டு மூன்று நாளில் மீன் தேறவில்லை என்றால் கால்நடை மருத்துவரையோ மீன்வளத் துறை அலுவலகத்தையோ கேளுங்கள்.

உங்கள் கையும் முக்கியம்!

இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கையில் வெட்டோ சிராய்ப்போ இருக்கும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள். மீனுக்கு வரும் காசநோய்க் கிருமி ஒன்று உண்டு. 1926-லேயே அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அது காயம் வழியாக நம் தோலுக்குள் புகுந்தால் விரலிலோ கையிலோ கட்டி கிளம்பி, வாரக்கணக்கில் ஆறாது. அப்படி ஒரு கட்டி வந்தால் தோல் மருத்துவரிடம், "வீட்டில் மீன் வளர்க்கிறேன்" என்று மறக்காமல் சொல்லுங்கள். மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கலாம். டியூபை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீர் எடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லி, குழந்தைகளைப் பழக்குங்கள்.

நோய் வந்த மீனை ஏரியிலோ ஆற்றிலோ விடவும் கூடாது. செத்த மீனை மண்ணில் புதையுங்கள்.

சரி, ஹார்லிக்ஸ் பாட்டில் மீன் என்ன ஆயிற்று? கிண்ணத்துக்குப் பதில் ஃபில்டரோடு 40 லிட்டர் தொட்டி, ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீர், ஒரு வாரம் உப்பு... அவ்வளவுதான் சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதம் மருந்து வாங்க வந்த அம்மா, "வால் நுனியில வெள்ளையா புதுசா வளருது டாக்டர். இவன் ஸ்கேல் வெச்சு அளந்துக்கிட்டு இருக்கான்" என்றார்.

அன்று ராத்திரி இதை மகளுக்கு போனில் சொன்னேன். "இந்தத் தடவை கஷாயம் ஊத்தலையாப்பா?" என்று கேட்டாள்!